மீந்த புட்டு

மூன்று மாதத்துக்கு முன்பு அலுவலகத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 119. நூறுக்குக் கீழே இருக்க வேண்டும், 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய். "வரப்புல நிக்கீங்கம்மா. உங்களுக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுக்குங்க, நடங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது: சரி, எதிலிருந்து ஒதுக்குவது?

காலை நாலரைக்கு எழுகிறேன். புட்டுக்குப் பொடி நனைத்து, சிறுபயறு வேகவைத்து, மதியத்துக்குச் சோறு, மீன் குழம்பு, ஒரு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்). எல்லோருக்கும் சுடச்சுடப் புட்டு. எனக்கு, கடைசியாக உதிர்ந்து கிடப்பது, அதுவும் நின்றுகொண்டே. பாதி நாள் அதுவும் கிடையாது. பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் அலுவலக வாசலில் சாயாவும் ஏத்தங்காய் அப்பமும். ராத்திரி பத்து மணிக்கு, மிஞ்சியது வீணாகக் கூடாதே என்று ஒரு தட்டுச் சோறு. குப்பையில் போட மனம் வராததையெல்லாம் என் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பொடியைச் சொல்கிறார்கள். ஓட்ஸ், சியா விதை என்று அலைய வேண்டாம். ஆவியில் வெந்த புட்டு, பயறு, முருங்கைக்கீரைத் துவரன், விலை குறைந்த சாளை (மத்தி) மீன் எல்லாம் இங்கேயே இருக்கிறது. சாளையில் இருக்கும் ஒமேகா 3க்காகத்தான் பலர் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள்.

அதற்காக, பழைய சாப்பாடு எல்லாமே மருந்து என்று பேசுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. எங்கள் பாட்டி மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கு தின்றே வளர்ந்தவள். 1942ல் பர்மா ஜப்பான்காரன் கையில் போனதும் அரிசி வரத்து நின்றது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த நம் ஊர்களை மரச்சீனிதான் காப்பாற்றியது. அவள் ஆரோக்கியம் பார்த்தா தின்றாள்? பசிக்குத் தின்றாள், பிறகு பகல் முழுக்க வயலில் நின்றாள். அதே கிழங்கை அதே அளவு தின்றுவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தால் அது முழுக்க மாவுச்சத்து, எங்கே போகும்? குமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழமும் அப்படித்தான். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் சின்னப் பழம்தானே என்று ஒரே இருப்பில் அரை டஜன் உள்ளே போய்விடும். (அனுபவம்.)

உணவை விடப் பெரிய சிக்கல் நேரம்தான். 2024ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது சராசரியாக நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88. உலக சுகாதார நிறுவனம் உடற்பயிற்சிக்கு வாரம் முழுவதற்கும் கேட்பதே குறைந்தது 150 நிமிடம்தான். 'உனக்காக நேரம் ஒதுக்கு' என்று பெண்ணிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. அவள் நேரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடமும் சொல்ல வேண்டும்.

சொன்னேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்தே இது நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லிவிடுவார். அதைக் கழுவ மட்டும் தெரியாதாம். இப்போது கழுவுகிறார், செதில் சுவர் வரை தெறிக்கிறது. ப்ளஸ் ஒன் படிக்கும் மகனுக்குப் புட்டுப் பொறுப்பு. சாயங்காலம் அரை மணி நேரம் கால்வாய்க்கரையில் நடக்கிறேன். முதல் வாரம் எதிரே வந்த அக்காமார் எல்லாம் "எங்க போறிய?" என்று கேட்டார்கள். "சும்மா நடக்கேன்" என்றால் நம்பவில்லை. வீட்டில் ஏதோ சண்டை என்றே நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாரம் மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். எவ்வளவு வரும் என்று தெரியாது. இன்று காலை மகன் பொடியில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டான். புட்டு குழலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "அம்மா, இங்க வா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். நான் மேஜையில் தட்டை வைத்து உட்கார்ந்தபடியே, "கம்பியை வச்சுத் தள்ளு மக்கா" என்றேன்.