6 டன் ஜல்லி எங்கே போச்சு?

வயிறு எரிகிறது. எழுதித் தீர்த்தால்தான் இன்றைக்குத் தூக்கம் வரும்.

போன செப்டம்பரில் 5,200 டாலர் கொடுத்துக் கட்டிய தடுப்புச் சுவர் இந்த ஏப்ரலில் குப்புற விழுந்து கிடக்கிறது. 40 அடி நீளம், 2 அடி உயரம். ஏழு மாதம்கூட நிற்கவில்லை. சுவர் விழுந்ததோடு போகவில்லை. அது தாங்கிக்கொண்டிருந்த மண்ணும், மண்ணில் இருந்த ஹோஸ்டா செடிகளும் சேர்ந்து சரிந்து வந்துவிட்டன. சுவரின் காலடியில் வரிசையாக வைத்திருந்த ‘ப்ளூ மவுஸ் இயர்ஸ்’ என்ற குட்டி ஹோஸ்டாச் செடிகள் அத்தனையும் கல்லுக்கு அடியில். ஏப்ரல் கடைசியில்தான் ஹோஸ்டா மண்ணைக் கீறிக்கொண்டு ஊதா நிறத்தில் ஊசி ஊசியாக முளை விடும். கல்லைப் புரட்டிப் பார்த்தால் அந்த முளைகள் கூழாகிக் கிடக்கின்றன. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

ஹோஸ்டா தெரியாதவர்களுக்கு: நிழலில் வளரும் இலைச்செடி. சில வகைகளின் இலை நம் ஊர்ச் சேம்பு இலையைப் போல அகலமாக விரியும். நீலம் பூத்த பச்சை, எலுமிச்சை மஞ்சள், வெள்ளைக் கரை என்று எத்தனையோ நிறம். நான் இருப்பது மிஷிகனின் தென்கிழக்கில். வீட்டுக்கு வடக்குப் பக்கம் ஓக் மரங்கள், அவற்றின் அடியில் ஒரு சரிவு. வெயில் படாத அந்த இடத்தில் புல்கூட ஒழுங்காக வராது. டிப்டனில் ஹிடன் லேக் கார்டன்ஸ் என்று மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மலைச்சரிவு முழுக்க ஹோஸ்டா. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் தன் தோட்டத்துத் தூரைச் சமையலறைக் கத்தியால் பிளந்து பாதியைக் கொடுத்தார். அது ‘ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ்’. 1936இல் கனெக்டிகட்டில் ஒரு நாற்றுப்பண்ணையில் ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ் என்ற பெண்மணி கண்டெடுத்ததால் அந்தப் பெயர். நிதானமாகத்தான் வளரும். அதன் இலை முழு அகலத்துக்கு விரிய எனக்கு ஆறு வருடம் ஆனது. கடையில் போய் இன்னொன்று வாங்கலாம், சரி. அந்த ஆறு வருடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

சரி, சுவருக்கு வருகிறேன்.

சரிவில் மழைக்கு மண் அரித்துக்கொண்டு போகிறது, ஒரு தடுப்புச் சுவர் போட்டுப் பாத்தியைச் சமப்படுத்தலாம் என்று நினைத்தேன். அது தப்பா? காண்ட்ராக்டர் ஒருவரை அழைத்து வந்து இடத்தைக் காட்டினேன். அடித்தளம், ஜல்லி, வடிகால் குழாய், கல், மேல்மூடிக் கல் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு எஸ்டிமேட் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் தொகை. நானும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே காசு கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. இரண்டு நாளும் நான் ஆபீஸில். சாயங்காலம் வந்து பார்த்தால் சுவர் கண்ணைப் பறித்தது. நூல் பிடித்தமாதிரி நேர்க்கோடு. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

மார்ச் நடுவில் நடுப்பகுதி வயிறு தள்ள ஆரம்பித்தது. ஏப்ரல் இரண்டாம் வாரம் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலையில் பாதிச் சுவர் தரையில்.

போன் செய்தேன். அந்த ஆள் சொன்ன பதில் இது: “மிஷிகன் குளிர் அப்படித்தான், மண் நகர்ந்தால் நாங்கள் பொறுப்பில்லை, வாரண்டியில் எழுதியிருக்கிறது.”

குளிரா? சரி, தோண்டிப் பார்ப்போம் என்று கடப்பாரையை எடுத்தேன். அதற்கப்புறம் வந்த கோபம்தான் இன்னும் தணியவில்லை.

அடி வரிசைக் கல்லைப் பெயர்த்தால் அதற்குக் கீழே ஒரு இஞ்ச் மணல். மணலுக்குக் கீழே என்ன தெரியுமா? புல். என் வீட்டுப் புல்தரை. ஒவ்வொரு தாளும் மஞ்சளாகி, நசுங்கி, பாய் விரித்தமாதிரி அப்படியே இருக்கிறது. புல்லைக்கூடச் செதுக்கவில்லை! வாய்க்கால் தோண்டி, 6 இஞ்ச் ஜல்லி கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் ரசமட்டம் வைத்து முதல் வரிசையை உட்காரவைத்து, அந்த வரிசை பூமிக்குள் புதைந்திருக்க வேண்டும். இதுதான் அஸ்திவாரம். இந்த வேலைக்குத்தான் எஸ்டிமேட்டில் தனியாகத் தொகை போட்டிருந்தார்கள்.

இன்னொன்றைக் கேளுங்கள். இந்தத் தோட்டச் சுவர்க் கல்லின் அடியில், பின்பக்கமாக ஒரு உதடு இருக்கும். மேல் வரிசைக் கல்லை வைக்கும்போது அந்த உதடு கீழ்க்கல்லின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி உட்கார்ந்து, சுவர் மண்ணின் பக்கம் சாய்ந்து நிற்கும். ஆனால் முதல் வரிசைக்குக் கீழே கல் கிடையாது. அதனால் முதல் வரிசையில் மட்டும் அந்த உதட்டைச் சுத்தியலால் தட்டி உடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரு கல்லுக்கு அரை நிமிடம் ஆகாது. இவர்கள் ஒரு கல்லில்கூடச் செய்யவில்லை. 40 கல்லையும் எடுத்துப் பார்த்தேன், 40லும் உதடு அப்படியே இருக்கிறது. பின்பக்கம் தூக்கியிருந்தால் கல் எந்தப் பக்கம் சாயும்? வெளிப்பக்கம்தான். முதல் நாளிலேயே விழுவதற்குத் தயாராக நின்ற சுவர் அது. அதை மறைக்க வரிசைக்கு வரிசை பசையைத் தடவியிருக்கிறார்கள். மேல்மூடிக் கல்லுக்குத்தான் பசை வேண்டும். எல்லாவற்றையும் ஒட்டியதால் சுவர் கல் கல்லாக உதிராமல் பலகை பலகையாக விழுந்திருக்கிறது. செடிகள் அவ்வளவு மோசமாக நசுங்கியதற்கு அதுதான் காரணம்.

இப்போது ஜல்லிக்கு வருவோம். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குக் கீழிருந்து மேல்வரை ஜல்லி நிரப்ப வேண்டும். 40 அடி நீளம், 2 அடி உயரம், ஓரடி அகலம்: 80 கன அடி. அடித்தளத்துக்கு 2 அடி அகலம், அரை அடி ஆழம்: இன்னொரு 40 கன அடி. மொத்தம் 120 கன அடி, எடை ஏறக்குறைய 6 டன். கண்ணுக்குத் தெரிகிற கல்லோ மொத்தம் 280தான். ஒவ்வொன்றும் 20 பவுண்டுக்குச் சற்று மேல், எல்லாம் சேர்ந்து 3 டன். கணக்குப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். இந்தச் சுவரில் கல்லைவிட ஜல்லிதான் இரண்டு மடங்கு. அதாவது நான் காசு கொடுத்த சுவரில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டியது. அந்த மூன்றில் இரண்டு பங்கு அங்கே இல்லவே இல்லை. தோண்டிய களிமண்ணையே திரும்ப அள்ளிப்போட்டு மிதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் பகுதி மண் நல்ல களி. தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. ஒரு கன அடித் தண்ணீர் 62 பவுண்டு. மார்ச்சில் மேல்மண் இளகியிருக்கும், கீழ்மண் உறைந்தே கிடக்கும். உருகுகிற தண்ணீர் கீழேயும் இறங்க முடியாது, முன்னாலும் போக முடியாது. ராத்திரி மறுபடி உறையும். உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும். பகலில் இளகி, இரவில் உறைந்து, மாதக்கணக்கில் அந்தச் சுவரின் முதுகில் முட்டிக்கொண்டே இருக்கும். குளிர்மேல் பழி போடுகிற ஆளுக்கு இது தெரியாதா? இங்கே வீட்டு அஸ்திவாரம் மண் உறைகிற ஆழத்தைத் தாண்டி 42 இஞ்ச் போக வேண்டும். ஆனால் சிமெண்ட் பூசாத இந்த அடுக்குச் சுவருக்கு அது தேவையில்லை. ஏன்? பனிக்குச் சற்று எழும்பினாலும் திரும்ப உட்கார்ந்துகொள்ளும் என்பதால்தான். அதற்கு ஒரே நிபந்தனை, அடியிலும் முதுகிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. குளிரைத் தாங்கத்தான் ஜல்லி. அதைப் போடாமல் விட்டவர் குளிரைக் குறை சொல்கிறார்!

குழாய் வைத்திருந்தார்கள். ஆமாம், வைத்திருந்தார்கள். 4 இஞ்ச் கறுப்புத் துளைக் குழாய். துணி சுற்றவில்லை, வாட்டம் கொடுக்கவில்லை. சரி, முனை எங்கே வெளியே வருகிறது என்று தேடினேன். இரண்டு பக்கமும் தேடினேன். வரவே இல்லை. இரண்டு முனையும் களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. ஒரு முழம் வெட்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே சேறு இறுகி, கொழுக்கட்டைக்குப் பூரணம் அடைத்தமாதிரி. யாராவது வந்து கேட்டால் “குழாய் இருக்கிறதே” என்று காட்டுவதற்காகவே வைத்த குழாய்.

நான் குன்னூரில் வளர்ந்தவன். அங்கே வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர்தான். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அப்பா ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த சுவரின் ஒவ்வொரு துளையாகக் குத்திவிடுவார். ஐப்பசி மழையில் அந்தத் துளைகள் எல்லாம் குழாய் திறந்துவிட்டதுபோல ஒழுகும். ஒழுகினால்தான் அவருக்கு நிம்மதி. ஏதாவது ஒரு துளை காய்ந்து கிடந்தால் குடையோடு போய் மறுபடி குத்துவார். அவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர், கட்டட வேலை தெரிந்தவர் அல்ல. அவருக்குத் தெரிந்தது, இதையே தொழிலாகச் செய்து லைசென்ஸ் எண்ணை வேனில் எழுதி ஒட்டியிருக்கிறவருக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்துதான் செய்திருக்கிறார். மண் போட்டு மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

கல் விற்கிற கடைகள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ‘ஒரே வார இறுதியில் நீங்களே கட்டலாம்’ என்று போஸ்டர். படத்தில் சுவர், முன்னால் பூ, சிரிக்கிற குடும்பம். ஜல்லி எங்கே, திமிசு எங்கே? கடையில் கேட்டால் “சின்னச் சுவர்தானே, மணல் போட்டு வையுங்கள், போதும்” என்கிறார்கள். 811க்குப் போன் பண்ணி மூன்று வேலை நாள் பொறுத்தால் பூமிக்குள் கேஸ் லைன் எங்கே ஓடுகிறது என்று இலவசமாக வந்து மஞ்சள் கொடி நட்டுவிட்டுப் போவார்கள், அதையாவது அந்த போஸ்டரில் ஒரு வரி போடக் கூடாதா?

சுவரைக்கூட மன்னித்துவிடலாம். ஓக் மரத்துக்குச் செய்ததை மன்னிக்க மாட்டேன். பாத்தியைச் சமமாகக் காட்ட, மிச்ச மண்ணை மரத்தடியில் ஓரடி உயரத்துக்குக் குவித்து, தண்டைச் சுற்றி அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மரத்தின் உறிஞ்சுவேர் பெரும்பாலும் மேல் ஓரடி, ஒன்றரை அடி மண்ணில்தான் இருக்கிறது. அதன்மேல் களிமண்ணைக் கொட்டி மூடினால் வேர் மூச்சு முட்டும். உடனே தெரியாது. நாலைந்து வருடம் கழித்து உச்சிக் கிளை காயும்போதுதான் தெரியும். அந்த ஓக் நிழல் இல்லாவிட்டால் எனக்கு ஹோஸ்டாவே இல்லை. மூன்று சனிக்கிழமை கையாலேயே மண்ணை அள்ளி, தண்டு விரிந்து வேராகிற இடம் கண்ணுக்குத் தெரியும்வரை சுத்தம் செய்தேன். பிழைக்குமா என்று பார்க்க வேண்டும்.

ஜப்பானிலும் கொரியாவிலும் மலைச்சரிவிலும் பாறை இடுக்கிலும் தானாக முளைக்கிற செடி ஹோஸ்டா. ஈரம் வேண்டும், ஆனால் தூரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அந்தக் களிமண் பாத்திக்குள் இருந்த ‘ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ்’ஸைத் தோண்டி எடுத்தேன். பாதித் தூர் அழுகி, விரல் வைத்தால் உள்ளே போகிறது. மீதிப் பாதியை வெட்டித் தொட்டியில் வைத்திருக்கிறேன். நேற்று ஒரே ஒரு இலை விரிந்திருக்கிறது, என் உள்ளங்கை அளவுக்கு.

டிரைவ்வேயில் 6 டன் ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது. இந்தத் தடவை நானே போடுகிறேன். ஆபீஸ் விட்டு வந்து நாளுக்கு நாலடி வாய்க்கால், அதற்கு மேல் முதுகு ஒத்துழைக்கவில்லை. அந்த ஆளுக்கு எதிராக, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் மனு போட்டாகிவிட்டது. சேறு அடைத்த அந்த ஒரு முழக் குழாயும், உதடு உடைக்காத ஒரு அடிக்கல்லும், அதன் கீழே இருந்த மஞ்சள் புல்லும் பிளாஸ்டிக் பைகளில் என் கராஜ் அலமாரியில் இருக்கின்றன. எஸ்டிமேட் தாளோடு சேர்த்து மூன்றையும் நீதிபதியின் மேசை மேல் வைத்து அவரிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: நான் காசு கொடுத்த 6 டன் எங்கே?