மை இருந்தால் கலை, தழும்பு என்றால் காட்டுமிராண்டியா?

பினாங்கு தண்ணீர்மலை தைப்பூச வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் பார்த்தாயிற்று, சிரித்தாயிற்று. ஆனால் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணின், கீறித் தழும்பாலேயே கோலம் போட்ட முதுகைக் கேட்காமல் படம் பிடித்துப் போட்ட ஆளைவிட, கீழே வரிசையாக வந்து "டாட்டூ கலை, இது காட்டுமிராண்டித்தனம்" என்று தீர்ப்பு எழுதிய டாட்டூ அன்பர்கள்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டார்கள். கையில் சிங்கம், கழுத்தில் வேல், நெஞ்சில் அம்மா முகம். நீங்கள் குத்தினால் கலை, அவள் கீறினால் காட்டுவாசியா?

2019 கடைசியில் கோலாலம்பூர் டாட்டூ கண்காட்சிப் படங்களுக்கு அமைச்சரே கண்டனம் சொன்னபோது "என் உடம்பு, என் உரிமை" என்று பொங்கியது யார்? இதே நீங்கள்தானே!

சரி, விஷயத்துக்கு வருவோம். டாட்டூவில் ஊசி தோலுக்குள் மையை இறக்குகிறது. தழும்புக் கலையில் மை கிடையாது. கத்தியால் கீறுவார்கள், தோலை இழையாக உரித்தெடுப்பார்கள், இல்லையென்றால் சூடு வைப்பார்கள். புண் ஆறி மேடு தட்டுவதுதான் கோலம். இரண்டிலும் தோல் புண்ணாகாமல் ஒன்றும் நடக்காது. நியூசிலாந்தின் பூர்வகுடி மாவோரிகள் அந்தக் காலத்தில் முகத்தில் உளி வைத்துப் பள்ளம் வெட்டி அதில் மை ஏற்றினார்கள், அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? பப்புவா நியூகினியில் செபிக் ஆற்றுப் பக்கம், பையன் ஆண்மகனாகும்போது முதுகிலும் நெஞ்சிலும் முதலைச் செதில் மாதிரி கீறுகிறார்கள். தெற்கு சூடானின் நுவேர் இன ஆண்களுக்கு நெற்றியில் ஆறு கோடு. கறுத்த தோலில் மை எடுப்பாகத் தெரியாது, தழும்பு தெரியும். என் பாட்டி கையில் எஸ்டேட் காலத்தில் குத்திய பச்சை இருந்தது. வெயிலில் திருப்பிப் பிடித்தால்தான் கோலம் என்றே புரியும், அவ்வளவு கறுப்பு அவர்.

"நம் பண்பாட்டில் இது இல்லை" என்கிறார்கள். அப்படியா? வைணவர்கள் சமாஸ்ரயணம் என்கிற தீட்சைச் சடங்கில் சங்கையும் சக்கரத்தையும் நெருப்பில் காய்ச்சித் தோளில் ஒற்றிக்கொள்கிறார்களே, அது என்ன ஸ்டிக்கரா? "அது பக்தி" என்று வருவீர்கள். வாருங்கள். அந்த வீடியோவிலேயே அவளுக்குப் பின்னால் ஒருவர் கன்னத்தில் அலகோடு நடந்து போகிறார். அவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளிக்கவும் கூடாது, என் தம்பியும் அலகு குத்துகிறவன்தான். அவள் முதுகு மட்டும் ஏன் உறுத்துகிறது?

"கிருமி தொற்றும்" என்பது நியாயமான பயம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் சுத்தமில்லாத கத்தியிலும் வரும், சுத்தமில்லாத டாட்டூ ஊசியிலும் வரும். "அழிக்க முடியாதே" என்றால், லேசர் வைத்து டாட்டூவை அழிக்கப் போய் நம் நிறத்துத் தோலில் வெள்ளைத் திட்டோடு திரும்பியவர்களைக் கேளுங்கள். "மன உளைச்சலில் கையைக் கீறிக்கொள்வதும் இதுவும் ஒன்றுதானே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஒன்றல்ல தம்பி. அது உதவி தேவைப்படுகிற வலி, அதை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

நான் யாரையும் போய்க் கீறிக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்கே செய்துகொள்ள மாட்டேன், செய்யவும் முடியாது. என் தோல் கெலாய்டு தோல், சின்னக் காயத்தின் தழும்பும் அடங்காமல் பெரிதாக வளரும். பள்ளியில் போட்ட பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இடது தோளில் ஆறாமல் வளர்ந்து வளர்ந்து, பளபளவென்று, கட்டைவிரல் அகலத்துக்கு இன்னும் நிற்கிறது. வெயில் பட்டால் அரிக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் கொஞ்சம் அமுங்கும், அப்புறம் திரும்ப எழும்பும். அதனால் என் பிளவுஸ் கை எப்போதும் முழங்கை வரை. பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் சொந்த அத்தை என் சேலைத் தலைப்பை இழுத்து மூடிவிட்டு, "மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பாங்க, ஏதோ வியாதின்னு சொல்வாங்கம்மா" என்றார். மாப்பிள்ளை வீட்டார் என் மாப்பிள்ளை வீட்டார்கூட இல்லை, வேறு யாரோ கல்யாணம்! அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அந்தப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, எல்லோருக்கும் மோர் ஊற்றுகிறாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. உங்களுக்கு என்ன வந்தது? வெள்ளைத் தோலில் கறுப்பு மை போட்டால் ஸ்டைல், கறுப்புத் தோல் தானாக எழுப்புகிற கோட்டைப் பார்த்தால் குமட்டல். சந்தனக் கலரில் ஒருத்தி இதையே செய்திருந்தால் "எங்கே போட்டீங்க, எவ்வளவு ஆச்சு" என்று கேட்டிருக்க மாட்டீர்களா?

வீடியோவைப் பகிர்ந்தவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். அந்த வீடியோவை நீக்கிவிடுங்கள். அவள் முகம் தெரிகிறது, வேலைக்குப் போகிற பிள்ளை. இன்னொன்று, "அக்கா, கெலாய்டுக்கு நல்ல தைலம் இருக்கு, இன்பாக்ஸ் வாங்க" என்று யாரும் வர வேண்டாம், பிளாக் செய்துவிடுவேன்.