காய்ச்சல் விட்டதும் ஆபத்து முடியவில்லை

மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார்: “காய்ச்சல் விட்டால் டெங்கு முடிந்தது, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால்தான் கடுமையான டெங்கு.” இரண்டுமே பிழை அண்ணா. கொழும்பில் நோயாளர் பதிவேடுகளுக்குக் குறியீடு போடுவதுதான் என் வேலை, அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) கசியத் தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். ஒரு பிள்ளையின் அட்டையில் பார்த்தேன்: வெப்பநிலைக் கோடு கீழே வந்துவிட்டது, ஆனால் ஹெமற்றோகிறிற் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்) 38இலிருந்து 46. அது 20 வீதத்துக்கு மேல் ஏற்றம், இரத்தம் தடிக்கிறது என்று அர்த்தம். தாய் “பிள்ளைக்குச் சுகம்” என்று வீட்டுக்குக் கூட்டிப்போக நின்றாராம். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, பல் முரசில் இரத்தம் போன்ற எச்சரிக்கை அறிகுறிகள் இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நோய்களுக்குக் குறியீடு தரும் உலகப் பட்டியலான ஐசிடி-10இன் புதிய பதிப்புகளில் டெங்குவுக்கு ஏ97.0 எச்சரிக்கை அறிகுறி இல்லாதது, ஏ97.1 உள்ளது, ஏ97.2 கடுமையானது. கடுமையானது என்றால் அதிர்ச்சி, மூச்சுத்திணறல் தரும் நீர்த்தேக்கம், பெரும் இரத்தப்போக்கு, உறுப்புப் பாதிப்பு. பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் அதில் சேராது. அட்டையில் வெறும் “டெங்கு” என்று இருந்தால் நான் வகை குறிப்பிடாத ஏ97.9 தான் போட வேண்டிவரும். பிள்ளை பட்ட பாடு அங்கே மறைந்துபோகும்.

புரூஃபன், அஸ்பிரின் கொடுக்காதீர்கள். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு.