நொண்டல் நின்றால் குதிரையை ஓடவிடலாமா?

"முன்காலில் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) கிழிந்த குதிரையை லாயத்திலேயே கட்டி வையுங்கள், நொண்டல் நின்றதும் ஓடவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். இரண்டு பாதியுமே தவறு.

முதலில் ஓய்வு வேண்டும், சரி. குளிர்ந்த நீரை ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் காலில் விட்டால் வீக்கமும் சூடும் தணியும். அப்புறம் நடை தொடங்க வேண்டும். காயம் ஆறும்போது புது இழைகள் தாறுமாறாகத்தான் உருவாகும். அளவான இழுவிசை கிடைத்தால்தான் காலின் நீளவாக்கில் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். அதனால்தான் கயிற்றைக் கையில் பிடித்து, கெட்டியான சமதரையில் 5, 10 நிமிடம் நடத்தத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவார்கள்.

நொண்டல் சில வாரங்களிலேயே மறைந்துவிடும். ஏமாற்றுவது இதுதான். தசைநாண் ஆறுவதற்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம் ஆகும். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் விரலால் தடவி, மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சூடோ புடைப்போ தெரிந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும், அவர் அல்ட்ராசவுண்டில் பார்த்துச் சொல்லும்வரை ஓடவிடாதீர்கள். ஆறிய இடத்துக்குப் பழைய நெகிழ்வு முழுதாகத் திரும்பாது. அவசரப்பட்டால் மறுபடியும் கிழியும்.