எனக்குக் கிடைத்த பட்டம்

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கான பட்டம் செய்யும் பயிற்சியில் நடந்ததைப் பற்றி மூன்று நாள்களாக ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். காணொளியையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறுமியின் கையிலிருந்து நைலான் தூண்டில் நரம்பைப் பிடுங்கும் அந்த 42 வினாடிப் பெண்மணி நான்தான். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று சொல்லும் உரிமை எனக்கும் கொஞ்சம் இருக்கும் என்று நம்புகிறேன். 'நூல் விமர்சகர்' என்று எனக்கு ஒரு பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். சிலேடை நன்றாகத்தான் இருக்கிறது; முதல் முறை படித்தபோது நானே சிரித்துவிட்டேன். நாற்பதாவது முறை சிரிப்பு வரவில்லை.

அன்று நான் சொன்னதும் இன்று சொல்வதும் ஒன்றுதான். குழந்தையின் கையில் கொடுக்கிற பட்டத்தில் அறுந்துபோக வேண்டியது நூல், ஒடிய வேண்டியது குச்சி, கிழிய வேண்டியது தாள். இவை மூன்றும் கெட்டியாக நின்றுகொண்டு, அவற்றுக்குப் பதிலாகக் குழந்தையின் விரல் கிழிகிறது என்றால், அந்தப் பட்டம் எவ்வளவு உயரம் ஏறினாலும் அது தவறாகச் செய்யப்பட்ட பட்டம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மேசையின் மேல் என்னென்ன இருந்தன என்பது காணொளியில் தெரியாது. சுருள் சுருளாகத் தூண்டில் நரம்பு இருந்தது. வாலுக்கு என்று வெள்ளி நிறத்தில் பளபளக்கும் ஜிகினாத் தாளை நீள நீளமாக வெட்டி வைத்திருந்தார்கள். குச்சிகளைக் குறுக்காகக் கட்ட மெல்லிய கம்பி, எல்லாவற்றையும் 'சட்டென்று' ஒட்டுவதற்குச் சின்னக் குப்பியில் உடனடிப் பசை. அழைப்பிதழில் 'வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே பாதுகாப்பான பட்டம்' என்று போட்டிருந்தார்கள். வீட்டில் இருக்கிறது என்பதற்காக ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடும் என்றால், அரிவாள்மனையையும் அந்த மேசையில் வைத்திருக்கலாம்.

நைலான் நரம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய சண்டை அதைப் பற்றித்தான். அது மெல்லியது, வழவழப்பானது, லேசில் அறாது. விற்கிறவர் இந்த மூன்றையும் சிறப்பு என்பார்; விரலுக்கு இந்த மூன்றும்தான் ஆபத்து. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. எட்டு வயதுப் பிள்ளை நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது திடீரென்று ஒரு காற்று வந்தால், அந்த நான்கு மடங்கு இழுப்பும் ஒரு மயிரிழை அகலத்தில் தோலின் மேல் இறங்குகிறது. பருத்தி நூலாக இருந்தால் அந்த நொடியில் அது 'பட்' என்று அறுந்து கதையை முடித்துவிடும். நைலான் முடிக்காது. முதலில் நீளும், நீண்டு நீண்டு, கடைசியில் அறும்போது சாட்டைபோலத் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். மரத்தில் சிக்கினால் மட்குவதும் இல்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஏதோ ஒரு பறவையின் காலுக்காக அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்பா செய்துகொடுத்த செய்தித்தாள் பட்டம் அடிக்கடி அறுந்துபோகிறது என்று நான் அழுததைப் பொறுக்காமல், அண்ணன் தன் தூண்டிலிலிருந்து நரம்பை உருவிக் கட்டிக்கொடுத்தான். பட்டம் பிரமாதமாக ஏறியது. அதுவரை அத்தனை உயரத்தை நான் பார்த்ததே இல்லை. பிறகு பட்டம் பக்கவாட்டில் ஒரு குத்துக் குத்தியது. நரம்பு என் உள்ளங்கையில் சர்ரென்று ஓடியது. வலி உடனே வரவில்லை. ஆள்காட்டி விரலின் இரண்டாவது மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, பென்சிலால் கோடு போட்டதுபோல. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோட்டின் ஒரு முனையில் ஒரு சிவப்புப் புள்ளி எழுந்தது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு புள்ளிகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை. அவன் என்மேல் கொண்ட அன்பில் குறையே இல்லை. குறை நரம்பில்தான் இருந்தது. இன்றும் குளிர் நாள்களில் அந்த விரல் முழுதாக மடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறுமி நரம்பை விரலில் சுற்றத் தொடங்கியபோது நான் பார்த்தது அவளுடைய விரலை அல்ல. சரி, அது என் பிரச்சினை என்று சொல்லிவிட்டீர்கள். இருக்கட்டும்.

ஜிகினா வாலைப் பற்றி. 'தாள்தானே, அதில் என்ன?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அது தாள் அல்ல. பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். அதே வகைப் படலத்தில் செய்த பளபளப்பான பலூன்கள் மின்கம்பிகளில் பட்டு மின்தடையை உண்டாக்குவது பல நாடுகளில் தெரிந்த சங்கதி. பட்டத்தின் வாலோ காற்றில் அலைந்து எங்கே போய்ச் சுற்றிக்கொள்ளும் என்று யாரும் சொல்ல முடியாத பொருள். பழைய பருத்தித் துணியைக் கிழித்துக் கட்டினால் வால் தன் வேலையைச் செய்துவிடும். புகைப்படத்தில் மின்னாது, அவ்வளவுதான். கம்பிக் கட்டுக்கும் இதே பதில்தான், கூடுதலாக அது கண்ணில் குத்தும். கார்பன் குச்சி வாங்கித் தருகிறேன் என்று பெருமையாகச் சொன்னவருக்கும் ஒரு தகவல்: கார்பன் இழையும் மின்சாரத்தைக் கடத்தும்.

உடனடிப் பசையைப் பற்றி யாரும் பேசவே இல்லை, எனக்கு அதுதான் வியப்பு. அந்தப் பசை பருத்தித் துணியில் பட்டால் மிக வேகமாக இறுகும். அப்படி இறுகும்போது தோலைச் சுடும் அளவுக்குச் சூடு கிளம்பும். அன்று ஒரு பையன் பசைக் கையைத் தன் பருத்திச் சட்டையில் துடைக்கப் போனான், நான் தடுத்தேன். காணொளியில் அதுவும் இல்லை. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் ஐந்து நிமிடத்தில் பட்டத்துக்குப் பசை தயார். காய நேரமாகும் என்பது உண்மை. காயும்வரை குழந்தைகள் உட்கார்ந்து காத்திருந்தால் குடி முழுகிப் போகாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

'நாங்கள் எல்லாம் அப்படித்தான் விட்டோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்கிறவர்களுக்கு: மகிழ்ச்சி. எனக்கு ஆனது. இரண்டு பேரில் யாருடைய அனுபவத்தைக் கொண்டு உங்கள் பிள்ளையின் விரலுக்கு விதி எழுதப்போகிறீர்கள்?

'பெஞ்சமின் பிராங்க்ளின் இடியில் பட்டம் விட்டாரே, அவருக்கு உங்களைப்போல ஓர் அக்கா இருந்திருந்தால் விஞ்ஞானமே வளர்ந்திருக்காது' என்று எழுதிய தம்பி, நிறைய விருப்பக்குறிகள் வாங்கியிருக்கிறீர்கள், வாழ்த்துகள். ஆனால் மின்னலும் மின்சாரம்தான் என்று காட்ட நினைத்த அந்த அமெரிக்க அறிவியலாளர், பட்டச் சோதனையைப் பற்றி 1752இல் எழுதியதைப் படித்துவிட்டு எழுதியிருக்கலாம். மழையிலும் காற்றிலும் தாள் கிழியும் என்பதால் பட்டுக் கைக்குட்டையைத் தேர்ந்தெடுத்தார். சட்டத்துக்கு இலேசான தேவதாருக் குச்சிகள். மின்சாரம் இறங்கி வருவதற்குச் சணல் நூல். அது தன் கைக்கு வராமல் இருப்பதற்கு, சணலின் முனையில் ஒரு பட்டு நாடா. அந்த நாடா நனையக் கூடாது என்பதற்காகப் பட்டம் விடுகிறவர் கூரைக்குள் நிற்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அவரே ஒரு நூல் விமர்சகர்தான், ஐயா. அடுத்த ஆண்டே, 1753இல், இடி மின்னலை ஆராயத் தன் வீட்டில் இரும்புக் கம்பி அமைத்திருந்த கியார்க் ரிச்மன் என்ற அறிவியலாளர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மின்னல் தாக்கி இறந்துபோனார். ஒருவருடைய கைக்கு முன்னால் பட்டு நாடா இருந்தது, மற்றவருக்கு இல்லை.

'பருத்தி நூலும் நனைந்தால் மின்சாரம் கடத்துமே' என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த ஒன்றுதான் நியாயமான கேள்வி. ஆம், கடத்தும். அதனால்தான் ஈர நூலிலும் மழை இருட்டிலும் மின்கம்பி அருகிலும் பட்டம் விடக் கூடாது. ஆனால் பருத்தியில் ஒரு குறை இருக்கிறது என்பதிலிருந்து 'அப்படியானால் நைலான் நல்லது' என்று தாவுவது எந்த ஊர்த் தர்க்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, ஆளில்லாத திடலில், என்ன நூலை வைத்துக்கொண்டு எந்தப் பட்டத்தை விட்டாலும் எனக்குப் புகாரில்லை. நான் பேசுவது எட்டு வயதைப் பற்றி.

'நூல் அறுந்தால் குழந்தையின் மனம் உடைந்துபோகும்' என்பதுதான் அதிகம் பேர் சொன்னது. 1848இல் நயாகரா ஆற்றுக்குக் குறுக்கே தொங்கு பாலம் கட்டுவதற்கு முதல் கயிறு பட்டத்தின் மூலமாகத்தான் போனது. அந்தப் பட்டத்தை விட்டவன் ஹோமன் வால்ஷ் என்ற சிறுவன். முதல் முயற்சியில் அவனுடைய நூலும் அறுந்தது. பட்டத்தைச் செப்பனிட்டு மறுபடியும் விட்டான். அந்தப் பையனால் தாங்க முடிந்ததை நம் பிள்ளைகளால் தாங்க முடியாது என்று முடிவு செய்தது யார்? பிள்ளைகளா, படம் பிடித்துக்கொண்டிருந்த நாமா?

'சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை' என்று சிலர் மிகுந்த பெருந்தன்மையோடு எழுதியிருக்கிறீர்கள். ஏற்றுக்கொள்கிறேன், பிடுங்கியிருக்க வேண்டாம். ஆனால் பிடுங்குவதற்கு முன் மூன்று முறை மென்மையாகச் சொன்னேன். முதல் முறை ஏற்பாட்டாளர் சிரித்தார். இரண்டாம் முறை 'பார்த்துக்கலாம் மேடம்' என்றார். மூன்றாம் முறை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மென்மையாகச் சொன்ன மூன்று முறையும் ஒருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை, நான்காம் முறைக்குத்தான் எடுத்தீர்கள். இருபது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து மூங்கிலைச் சீவி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நடுவில் விரலை வைத்துச் சமநிலை பார்த்து, பட்டத்தை நூலோடு இணைக்கும் சூத்திரம் கட்டிக்கொடுத்தவள் நான். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் வளர்ந்து, நேற்று அந்த 'நூல் விமர்சகர்' பதிவுக்குச் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுடைய விரல்கள் பத்தும் பத்திரமாக இருப்பதால்தான் அதைத் தட்ட முடிந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

காணொளி முடிந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நரம்பைப் பறிகொடுத்த அந்தச் சிறுமி அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து ஜிகினா வாலைக் கழற்றிவிட்டு என் பழைய துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். என் பையிலிருந்த பருத்தி நூல்கண்டைப் போட்டுக் கொடுத்தேன். பட்டம் இரண்டு முறை தலைகீழாக விழுந்தது, மூன்றாம் முறை ஏறியது. கால் மணி நேரம் பறந்திருக்கும். பிறகு ஒரு பெரிய காற்று வந்தது, நூல் அறுந்தது, பட்டம் திடலைத் தாண்டிப் போய்விட்டது. அவள் ஓடி வந்து, "அத்தை, அறுந்துபோச்சு" என்று இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் காய்ந்த மைதாப் பசை மட்டும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "இன்னொண்ணு செய்யலாமா?" என்று கேட்டாள்.