விஷமம் உண்டோ?

கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கமிட்டி மெம்பர். அந்தப் பாவத்துக்குப் போன ஆடியில் ஒரு வேலை என் தலையில் விழுந்தது. கவுன்சிலிங்குக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளன்.

ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஆள் தெரியக் கூடாது என்பதால் சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். உடுமலைப் பக்கமிருந்து பாட்டி வீட்டுக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகாத பிள்ளை. கடையில் பால் வாங்குகிற அளவுக்குத்தான் மலையாளம். அவளிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது டீச்சர் இல்லை, சமையல் அக்கா. மூன்று நாளாகத் தட்டுச் சோறு அப்படியே கழுநீர் வாளிக்குப் போவதைப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் நேராக ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய்விட்டார். "சாரு, அந்தப் புள்ள சோறே திங்கறதில்லீங்."

பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் வந்தார். நல்ல பெண்மணி, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாராம்: "மோளே, எந்தெங்கிலும் விஷமமுண்டோ?"

பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் ஒரு விஷமமும் பண்ணலீங்க டீச்சர்."

மலையாளத்தில் விஷமம் என்றால் மனக்கஷ்டம். நமக்கு விஷமம் என்றால் குறும்பு, சேட்டை. அந்தம்மா ஆறுதலாகக் கேட்டது இவள் காதில் விசாரணையாக விழுந்திருக்கிறது. எல்லையில் குடியிருக்கிற நமக்கு இது டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிற சமாசாரம். அந்த ரூமுக்குள் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் உட்கார்ந்ததும் நிலைமை இன்னும் மோசம். அவள் பாட்டி வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி. பிள்ளை என்னைப் பார்த்தாள், கவுன்சிலரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க மாமா." இந்த ஒரு வாக்கியத்தையே ஐந்து தடவை மலையாளத்தில் சொன்னேன். அதற்கப்புறம் நானே எழுந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுச் சங்கதியைத் தெருக்கார மாமனை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை பேசும்?

2025 ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் கோச்சிங் போன 17 வயதுப் பெண்ணின் மரணம் பற்றிய வழக்கு. அதில்தான் நாடு முழுக்க, 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கிற இடத்தில் தகுதியுள்ள கவுன்சிலர் ஒருவராவது வேண்டும் என்று சொன்னார்கள். ரொம்ப சந்தோசம். என் கேள்வி ஒன்றே ஒன்று: அந்தத் தகுதியில் பிள்ளையின் பேச்சு புரிவதும் சேருமா, சேராதா?

கேரளத்தைத் திட்ட வரவில்லை. பெண்கள், குழந்தைகள் நலத்துறை பள்ளிகளுக்குக் கவுன்சிலர் அனுப்புவது இங்கே பல வருசப் பழக்கம். ஆனால் வடகரப்பதி, எருத்தேம்பதி என்று இந்த எல்லையோரப் பஞ்சாயத்துகளிலும், அங்கே மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் கேள்வித்தாள் அடிக்கிறார்கள். கணக்கைத் தமிழில் கேட்கத் தெரிந்த சர்க்காருக்கு, "ராத்திரி தூங்கினியா கண்ணு" என்று தமிழில் கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லையா?

மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே, பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பதாம் வகுப்பு வயசு அதுதான். பெங்களூரு மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் 2015-16-ல் எடுத்த தேசிய மனநல சர்வேயில் 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை. எங்கள் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர். சராசரிக்கு மூன்று பேர் வருகிறது. எங்களுக்குத் தெரிந்தது ஒருத்தி, அதுவும் சோறு மிச்சம் வைத்ததால்.

அதே தீர்ப்பில், வாத்தியார்களுக்கு மட்டுமில்லாமல் மற்ற ஊழியர்களுக்கும் வருசத்துக்கு இரண்டு தடவை பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அந்தப் பயிற்சிக்குச் சமையல் அக்காவையும் கூப்பிடுங்கள் என்று கமிட்டியில் சொன்னேன். ஒருத்தர் சிரித்தார்.

அடுத்து நம்ம ஊர் வாலிபால் கிளப் பையன்கள். இவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒருத்தர் செத்தால் ஒரு மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டத் தெரியும். ப்ளஸ் டூவில் மார்க் குறைந்த செட்டர் பையன் மூன்று வாரமாக வாலிபால் கோர்ட்டுக்கு வரவில்லை, அதைக் கேட்டால் "பந்தா காட்டறாண்ணா" என்றார்கள். ஒருத்தன் மட்டும் நெட் கட்டக் கயிறு வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். திண்ணையில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துவிட்டு வந்தான். மறுநாளும் போனான். அன்றைக்குத்தான் அந்தச் செட்டர் பையன், "தூக்கமே வர்றதில்லடா, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று வாய் திறந்தான். இவன் புத்திமதி சொல்லவில்லை, மோட்டிவேசன் ரீல்ஸ் அனுப்பவில்லை. அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனான். "பிராந்து டாக்டர்கிட்டயா?" என்று தெருவில் ஒருத்தி கேட்டாளாம். பிராந்து என்றால் மலையாளத்தில் பைத்தியம். கேட்டுவிட்டுப் போகட்டும். எனக்குத் தெரிந்து ஒரு கிளப் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: யார் வரவில்லை என்று கவனி, போய் உட்கார், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போ. வைத்தியம் பார்க்க வேண்டாம்.

ஃப்ளெக்ஸ் அடிக்கிற காசில் ஒன்றிலாவது 14416 என்று போடுங்கள். 2022 அக்டோபரிலிருந்து ஓடுகிற டெலி மானஸ், சர்க்காரின் மனநல உதவி போன் நம்பர். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். இங்கிருந்து கூப்பிட்டால் மலையாளத்தில்தான் பேச வேண்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை கடைசியில் பேசினாள். பள்ளிச் சமையல்கட்டில், வெங்காயம் உரிக்கும்போது. அங்கே கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என்ன சொன்னாள் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தடவை கவுன்சிலர் வந்தபோது, பிள்ளை சரியென்றதும், அக்காவே கையைத் துடைத்துக்கொண்டு கூடப் போய் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. முக்கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாம்பார் லேட்.