அமைதிப் பேச்சுக்கு யாரை அழைப்பது?

போர் நடக்கும் நாடுகளிலும், சர்வாதிகாரம் சரியும் நாடுகளிலும் பெண்கள் ஆற்றிய பணியைப் பாராட்டிப் பேச எல்லாரும் முன்வருகிறார்கள். அந்தப் பாராட்டுக்குப் பிறகு நடப்பதுதான் என்னை வருத்துகிறது. போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள், பேச்சுவார்த்தைக்கான அழைப்புப் பட்டியல் தயாராகும்போது விடுபட்டுப் போகிறார்கள். ஆணாதிக்க மனப்பான்மை இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் யாரை அழைப்பது என்று வகுக்கும் விதிக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. ஆயுதம் வைத்திருப்பவர்களிடம் பேசாமல் போர்நிறுத்தம் வராது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதே மேசையில்தான் இடைக்கால அரசின் பதவிகளும் தேர்தல் முறையும் பொதுமன்னிப்பும் முடிவாகின்றன. இவற்றைத் தீர்மானிக்கும் தகுதி ஆயுதம் ஏந்தியவர்களுக்கு மட்டுமே உண்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் உள்நாட்டுப் போரை நிறுத்தக் கோரி 2003-இல் லேமா குபோவி முதலானோர் தலைமையில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளுடை அணிந்து ஒன்றாக அமர்ந்து போராடினார்கள். கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, உள்ளே இருந்தவர்கள் எழுந்து போகாதபடி அரங்கின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. உலகம் இதை வீரமாகக் கொண்டாடுகிறது, அதில் தவறில்லை. ஆனால் அவர்கள் வாசலில் உட்கார நேர்ந்ததே உள்ளே அவர்களுக்கு உரிய இடம் இல்லாததால்தான்.

உள்ளே நுழைந்த ஓர் உதாரணமும் இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சமூகங்களுக்கிடையே பல ஆண்டுகளாக வன்முறை நீடித்த வட அயர்லாந்தில் பல கட்சிப் பேச்சுவார்த்தைக்கான பிரதிநிதிகளை 1996-இல் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுத்தார்கள். ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய சிறு கட்சிகளும் பேச்சுக்கு வந்தால்தான் அமைதி நிலைக்கும் என்பதால், தொகுதி இடங்கள் போக, அதிக வாக்குப் பெறும் முதல் பத்துக் கட்சிகளுக்குத் தலா 2 இடங்கள் கூடுதலாகக் கொடுப்பது என்று விதி செய்யப்பட்டது. அது பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அல்ல. ஆனால் மோனிகா மெக்வில்லியம்ஸ், பேர்ல் சேகர் உள்ளிட்ட கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பெண்கள் அதைக் கூர்ந்து படித்தார்கள். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் பெண்கள் கூட்டணி என்ற கட்சியைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1 விழுக்காடு வாக்குகளோடு ஒன்பதாவது இடத்தைப் பிடித்து, எந்தத் தொகுதியிலும் வெல்லாமலேயே 2 இடங்களைப் பெற்றார்கள். மன்றத்தில் அவர்கள் பேச எழுந்தபோது எதிரணி ஆண்கள் சிலர் மாடுபோலக் கத்தி அவமதித்தார்கள். அவர்கள் பின்வாங்கவில்லை. 1998 ஏப்ரல் 10 அன்று எட்டப்பட்ட புனித வெள்ளி உடன்படிக்கையில் பாதிக்கப்பட்டோரின் உரிமை, இரு சமூகப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், கலந்து வாழும் குடியிருப்புகள், அரசியலில் பெண்களின் முழுமையான, சமமான பங்கேற்பு ஆகியவை இடம்பெற்றதில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. ஆயுதக் குறைப்பையும் அதிகாரப் பகிர்வையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, போர் முடிந்த பின் மக்கள் அடுத்தடுத்த வீடுகளில் எப்படி வாழ்வார்கள் என்ற கேள்வியை நினைவூட்ட ஆள் தேவைப்பட்டது.

அரபு எழுச்சியின்போது அடுத்தடுத்து ஆட்சி மாறிய இரு நாடுகளை ஒப்பிட்டால், தொடக்கத்தில் எழுதப்படும் விதியின் வலிமை இன்னும் தெளிவாகும். எகிப்தில் போராட்டத்தின் மையமான தஹ்ரீர் சதுக்கம் பெண்களால் நிறைந்திருந்தது. ஆனால் 2011-இல் அரசியலமைப்பைத் திருத்த ராணுவம் அமைத்த குழுவில் ஒரு பெண்கூட இல்லை. முந்தைய ஆட்சியில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த 64 இடங்களும் நீக்கப்பட்டன. அடுத்து வந்த நாடாளுமன்றத்தில் பெண்கள் சுமார் 2 விழுக்காடுதான். அதே ஆண்டு துனிசியாவிலோ, கட்சிப் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இடம்பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கும் பாதி இடங்கள் கிடைத்துவிடவில்லை. பெரும்பாலான பட்டியல்களில் முதல் பெயர் ஆணுடையது. பல கட்சிகள் ஒரு தொகுதியில் ஓர் இடம் மட்டுமே வென்றன. அப்படியிருந்தும் ஏறத்தாழக் கால் பங்கு இடங்களில் பெண்கள் அமர்ந்தார்கள். 2022-இல் தேர்தல் முறையைத் தனிநபர் தொகுதிகளாக மாற்றி அந்த விதியைக் கைவிட்டபோது, அவர்களுடைய எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

எண்ணிக்கையே போதும் என்று நான் வாதிடவில்லை. ருவாண்டா நாடாளுமன்றத்தில் பெண்கள் பாதிக்கும் மேல். ஆனால் எதிர்க்கட்சிகளுக்கு இடமே அரிதான நாட்டில் அந்த உறுப்பினர்கள் அரசை எவ்வளவு தூரம் கேள்வி கேட்க முடியும் என்பது வேறு விஷயம்.

இப்போது என் மனம் சூடானில் இருக்கிறது. 2019-இல் சர்வாதிகாரி அல்-பஷீரை வீழ்த்திய போராட்டங்களில் பெண்கள் பெருந்திரளாக நின்றார்கள். பின்னர் இடைக்கால ஆட்சிக்காக அமைந்த இறையாண்மைக் குழுவின் 11 பேரில் பெண்கள் 2 பேர். 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படைக்கும் இடையே போர் வெடித்தது. மே மாதம் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் பேச அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரு படைகளின் பிரதிநிதிகள். குடிமக்களைக் காப்பதாக அங்கே கையெழுத்திட்ட உறுதிமொழிக்குப் பிறகும் குண்டுவீச்சும் பாலியல் வன்முறையும் தொடர்ந்தன. பெண்களின் பங்கேற்பை வலியுறுத்தும் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325-ஆம் தீர்மானம் 2000-இலேயே நிறைவேறியது. சூடானுக்காக இனி எந்த நகரில் பேச்சு கூட்டப்பட்டாலும், நடுவராக வரும் நாடுகள் பட்டினிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே சமூக அடுப்படிகளையும் மருத்துவ உதவியையும் நடத்திவரும் அந்தப் பெண்களை, கையெழுத்திடும் உரிமையுள்ள தரப்பாக முதல் அழைப்பிலேயே சேர்க்க வேண்டும்.